மூன்றே முக்கால் அங்குல டார்த் வேடர்: ரெட்ரோ கலெக்‌ஷன் எப்படி இருக்கிறது?

ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனத்தின் ‘ஸ்டார் வார்ஸ் ரெட்ரோ கலெக்‌ஷன்’ வரிசையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். பழைய ஆக்‌ஷன் ஃபிகர்களின் மறுபதிப்புகள் இப்போது நாலா பக்கமிருந்தும் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. அலமாரியில் நிற்கும்போது பழையதைப் போலத் தெரிந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது போதாது. பழைய பொம்மையைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், அதன் அழகில் பாதி விரல்களில்தான் இருக்கிறது. ஒரு மறுபதிப்பு அதைத் திருப்பிக் கொடுக்கிறதா இல்லையா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ரெட்ரோ கலெக்‌ஷன் அதைக் கொடுக்கிறது. எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் முக்கியமான இடங்களில் கொடுக்கிறது.

மூலப் பொம்மைகளின் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977-இல் ஸ்டார் வார்ஸ் படம் வெளிவந்து சக்கைப்போடு போட்டபோது கடைகளில் அதன் பொம்மைகள் கிடையாது. உரிமம் வாங்கியிருந்த சின்சினாட்டி நகரத்துக் கென்னர் நிறுவனத்தால் (பின்னாளில் அது ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்துவிட்டது) அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குள் தயாரித்து முடிக்க முடியவில்லை. அதனால் ஒரு அட்டை உறையை விற்றார்கள். உள்ளே பொம்மை இல்லை, ஒரு சான்றிதழ் இருந்தது. அதை நிரப்பி அனுப்பினால் படத்தின் பாத்திரங்களான லூக், லேயா, சூபாக்கா, ஆர்-டூ டி-டூ ஆகிய நான்கும் 1978-இல் தபாலில் வந்து சேரும். மக்கள் அதையும் வாங்கினார்கள். அந்த வருடமே முதல் 12 பொம்மைகளும் கடைக்கு வந்தன. உயரம் மூன்றே முக்கால் அங்குலம். அதற்கு முன் புகழ்பெற்றிருந்த ஜி.ஐ. ஜோ 12 அங்குலம், மீகோ நிறுவனத்தின் சூப்பர் ஹீரோக்கள் 8 அங்குலம். பொம்மையைச் சிறிதாக்கியதால்தான் அது ஏறி உட்காரக்கூடிய விண்கலங்களையும் வாங்கத்தக்க விலையில் செய்ய முடிந்தது. அந்த ஒரு முடிவு பொம்மைத் தொழிலையே புரட்டிப் போட்டது.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். ரெட்ரோ வரிசை 2019-இல் ஆறு பேரோடு தொடங்கியது: லூக், லேயா, ஹான் சோலோ, சூபாக்கா, டார்த் வேடர், ஸ்டார்ம்ட்ரூப்பர். வெளிவந்தபோது ஒன்றின் விலை சுமார் 10 டாலர். கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு மூட்டு என்ற அதே பழைய கணக்குதான். முழங்கை மடங்காது, முழங்கால் மடங்காது. இன்றைய ஃபிகர்களில் மணிக்கட்டு, கணுக்கால் வரை மூட்டு வைக்கிறார்கள் என்பதால் சிலருக்கு இது குறையாகப் படலாம். எனக்கு இதுதான் நிறை. மூட்டு குறைந்தால் பொம்மை கையில் கெட்டியாக நிற்கும். ஒரு குழந்தை அதைப் பிடித்து உட்கார வைத்து, எழுப்பி, ஓட விடும்போது எந்த மூட்டையும் சரிசெய்ய வேண்டியதில்லை. அந்த வடிவமைப்பின் புத்திசாலித்தனம் அதைக் கையில் எடுத்ததும் புரிந்துவிடும்.

வேடரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவருடைய லைட்சேபர், அதாவது ஒளிவாள், தனியாகக் கையில் பிடிக்கும் கருவி அல்ல, கைக்குள்ளேயே இருப்பது. வலது முன்கையின் அடிப்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதில் சின்னதாக ஒரு குமிழ் தட்டுப்படும். கட்டைவிரல் நகத்தால் அந்தக் குமிழைத் தோளிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் தள்ளினால், சிவப்பு வாள் உள்ளங்கை வழியாக வெளியே வரும். தள்ளும்போது பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உராய்வது விரலில் தெரியும். கடைசியில் ஒரு சின்ன எதிர்ப்பு, அதோடு நின்றுவிடும். மூலப் பொம்மையில் அந்த வாளின் நுனி ஊசிபோல மெலிந்து போகும். பழைய வேடர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த நுனி இருக்காது, ஒடிந்திருக்கும். அதனாலேயே நுனி முழுதாக உள்ள பழைய பொம்மையை வைத்திருக்கும் யாரும் அந்தக் குமிழைத் தொடுவதில்லை. பூட்டி வைக்கிறார்கள். அதாவது, அந்தப் பொம்மை எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த ஒரு வேலையை அதனிடம் இனி வாங்க முடியாது. மறுபதிப்பில் அந்தப் பயமில்லாமல் தள்ளலாம், இழுக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த வரிசையின் பக்கம் நிற்கிறேன்.

பழைய வேடரிலும் லூக்கிலும் மிக அரிதான ஒரு வகை உண்டு. ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் வாள் இரண்டு கட்டமாக நீளும். வெளி வாளுக்குள்ளிருந்து இன்னொரு மெல்லிய கம்பி வரும். செலவும் உடைசலும் அதிகம் என்பதால் கென்னர் சீக்கிரமே அதைக் கைவிட்டது. இன்று அந்த வகை கண்ணில் பட்டாலே பெரிய விஷயம். ரெட்ரோ வரிசை பரவலாகக் கிடைத்த ஒற்றைக் கட்ட வகையைத்தான் பின்பற்றுகிறது. அது சரியான தேர்வு என்பது என் எண்ணம். பெரும்பாலான வீடுகளில் இருந்தது அதுதானே.

லூக்கின் வாளைப் பாருங்கள். படத்தில் நீலம், பொம்மையில் மஞ்சள். மறுபதிப்பிலும் மஞ்சள்தான். இதை மாற்றாமல் விட்டதற்கு ஹாஸ்ப்ரோவுக்குக் கைகொடுக்க வேண்டும். மறுபதிப்பு என்பது படத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டியதில்லை, பொம்மைக்கு விசுவாசமாக இருக்க வேண்டும். பழைய வரிசையில் இதற்கு இன்னும் நல்ல உதாரணம், படத்தின் மதுக்கூடக் காட்சியில் வரும் ஸ்னாகில்டூத் என்ற வேற்றுக்கிரகவாசி. 1978-இல் சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடைக்காக மட்டும் ஒரு மதுக்கூடச் செட் செய்தார்கள். அந்தப் பாத்திரத்தின் இடுப்புக்குக் கீழே எப்படி இருக்கும் என்பது கென்னருக்குத் தெரியாது. கையில் இருந்தது ஒரு கறுப்புவெள்ளைப் புகைப்படம். அதை வைத்து உயரமாக, நீல உடையில், பூட்ஸ் மாட்டிச் செய்துவிட்டார்கள். உண்மையில் அவன் குள்ளன், உடை சிவப்பு. பிறகு திருத்திக் குள்ளமாகச் சிவப்பில் வெளியிட்டார்கள். ஆனால் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அந்த நீல ஸ்னாகில்டூத்தைத்தான். பொம்மைக்கென்று ஒரு தனி வரலாறு உண்டு. அது படத்தின் வரலாறு அல்ல. நல்ல மறுபதிப்பு இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருக்கும்.

மறுபதிப்பு ஏன் மூலத்தை அச்சு அசலாக ஒத்திருப்பதில்லை என்று பலர் கேட்கிறார்கள். காரணம் எளிது. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஆறும்போது சுருங்கும். பழைய உலோக அச்சு கையில் இருந்தால் பிரச்சினை இல்லை. பெரும்பாலும் அது இருப்பதில்லை. அப்போது பழைய பொம்மை ஒன்றையே அளந்து, ஸ்கேன் செய்து புதிய அச்சு வெட்ட வேண்டும். ஏற்கெனவே சுருங்கிய ஒன்றிலிருந்து எடுத்த அச்சில் வார்க்கும்போது இன்னொரு முறை சுருங்கும். அதைக் கணக்கில் எடுத்து அச்சைப் பெரிதாக்காவிட்டால் பொம்மை மயிரிழை சிறிதாகிவிடும். மூக்கு, காது, மடிப்புகளின் கூர்மையும் மழுங்கும். முகத்தில்தான் இது முதலில் தெரியும். மூன்றே முக்கால் அங்குலப் பொம்மையில் முகம் என்பது ஒரு பட்டாணி அளவு. அதில் கண்ணுக்கு வைக்கும் புள்ளி கொஞ்சம் இடறினாலும் ஆள் மாறிவிடுவார். வாங்கும்போது கடையில் பொம்மையை ஒட்டித் தொங்கவிட்டிருக்கும் அட்டைகளில் நாலைந்தை எடுத்து முகங்களை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். முகமூடி போட்ட வேடருக்கும் ஸ்டார்ம்ட்ரூப்பருக்கும் இந்தத் தொல்லை இல்லை. லேயாவுக்கும் ஹானுக்கும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஹானுக்கு மூலத்திலேயே சின்னத் தலை, பெரிய தலை என்று இரண்டு வகை இருந்தது என்பதால் அவர் முகத்தைப் பற்றிய வாக்குவாதம் சேகரிப்பாளர்களிடையே எப்போதும் ஓயாது.

இப்போது எனக்குப் பிடிக்காத விஷயம். அட்டை. முன்பக்கம் கென்னர் சின்னம், வெள்ளிப் பட்டை, பழைய புகைப்படம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அது வரை மகிழ்ச்சி. ஆனால் முதல் வரிசையின் அட்டைகளில் மடிப்பும் கீறலும் தேய்மானமும் இருப்பதுபோல அச்சடித்திருக்கிறார்கள். பழையதாகத் தெரிய வேண்டுமாம். இது தேவையே இல்லை. 1978-இல் அந்த அட்டை கடையில் தொங்கியபோது பளபளவென்று புதிதாக இருந்தது. அந்தப் புதுமையைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். தேய்மானம் என்பது ஒரு அட்டை நாற்பது வருடம் ஏதோ வீட்டில், ஏதோ பரணில் கிடந்து சம்பாதித்தது. அதை மை வைத்து வரைய முடியாது. பொம்மையில் இவ்வளவு நேர்மையாக இருந்தவர்கள் அட்டையில் வேஷம் கட்டியது வருத்தமாக இருக்கிறது. பிரிக்காமல் அட்டையோடு மாட்டி வைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். பிரித்து விளையாடுபவர்களுக்கு இது பொருட்டல்ல.

அப்புறம் கிராண்ட் மாஃப் டார்கின். இந்த வரிசையிலேயே என் மனதுக்கு மிக நெருக்கமானவர். 1978 முதல் 1985 வரை ஓடிய பழைய வரிசையில் டார்கினுக்குப் பொம்மையே கிடையாது. படத்தில் வேடருக்கே உத்தரவு போடும் ஆள், ஆனால் கென்னர் அவரைச் செய்யவில்லை. 2019-இல் ‘எஸ்கேப் ஃப்ரம் டெத் ஸ்டார்’ என்ற பழைய கென்னர் பலகை விளையாட்டை மறுபடி வெளியிட்டபோது, பெட்டிக்குள் டார்கினைப் பழைய பாணியிலேயே செய்து வைத்தார்கள். இதற்கு மூலம் என்று எதுவும் இல்லை. பார்த்து ஒத்துப்பார்க்க ஒன்றும் இல்லை. 1978-இல் கென்னர் செய்திருந்தால் எப்படிச் செய்திருக்கும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். சிற்ப நுணுக்கத்தை வேண்டுமென்றே அடக்கி, உடையின் மடிப்புகளை மேலோட்டமாக விட்டு, கன்னத்தின் ஒட்டலை மட்டும் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். பழைய வேடர் பக்கத்தில் நிறுத்தினால் இருவரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் என்றுதான் தோன்றும். நகலெடுப்பதைவிட இது கடினமான வேலை. அந்தக் காலத்துச் சிற்பியின் கைப்பழக்கம் முழுதாகத் தெரிந்தவர்களால்தான் இப்படிச் செய்ய முடியும்.

இதே வழியில் முன்னால் போனவர்கள் சூப்பர்7 நிறுவனத்தினர். ஏலியன் படத்துக்காக 1979-இல் கென்னர் மூன்றே முக்கால் அங்குலத்தில் ஒரு வரிசை திட்டமிட்டு மாதிரிகளும் செய்தது. குழந்தைகள் பார்க்க முடியாத படம் அது. 18 அங்குலப் பெரிய ஏலியன் மட்டும் கடைக்கு வந்தது, சிறிய வரிசை நின்றுபோனது. 2013-இல் சூப்பர்7 அந்த மாதிரிகளை வைத்து ரிப்ளி, ஆஷ், டாலஸ், கேன், ஏலியன் ஐந்தையும் வெளியிட்டது. முப்பத்து நான்கு வருடம் கழித்துப் பிறந்த பொம்மைகள். அவர்களுடைய ‘ரீஆக்‌ஷன்’ வரிசை பிறகு எங்கெங்கோ பரவிவிட்டது. மூலமே இல்லாத எத்தனையோ பாத்திரங்களுக்கும் அதே ஐந்து மூட்டு உடலைக் கொடுத்தார்கள். அவை எல்லாவற்றிலும் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் அந்த ஏலியன் ஐந்தும் வாங்கத்தக்கவை.

ஸ்டார் வார்ஸில் கூலிக்கு ஆள்பிடிக்கும் வேட்டைக்காரனான போபா ஃபெட்டின் பொம்மைக் கதையைச் சொல்லாமல் இந்தத் துறையைப் பற்றி எழுத முடியாது. 1979-இல் கென்னர் ஒரு சலுகை அறிவித்தது. நான்கு பொம்மைகளின் வாங்கிய அத்தாட்சியை அனுப்பினால், முதுகில் ராக்கெட் பாயும் போபா ஃபெட் வீட்டுக்கு வரும். அந்தச் சமயத்தில் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்துபோனான். கென்னர் ராக்கெட்டை அசையாமல் பொருத்தி அனுப்பியது. பாயும் ராக்கெட் வைத்த மாதிரிகள் சில மட்டும் உலகில் தங்கின. அவற்றில் கையால் வண்ணம் தீட்டிய ஒன்று 2024-இல் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. ஒரு குழந்தையின் மரணத்தால் நின்றுபோன பொம்மை இது என்பதை அந்தத் தொகையைப் பேசும்போது யாரும் மறக்கக்கூடாது.

2010-இல் ஹாஸ்ப்ரோ ‘வின்டேஜ் கலெக்‌ஷன்’ தொடங்கியபோது, அதே தபால் சலுகை வழியில் ராக்கெட் பாயும் போபா ஃபெட்டைக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் அது இன்றைய மூட்டுகள் உள்ள இன்றைய பொம்மை. பழைய கதை, புது உடல். ரெட்ரோ வரிசையின் போபா ஃபெட் உடலில் பழையவர், ராக்கெட் பாயாது. 1979-இல் வீடுகளுக்கு உண்மையில் வந்து சேர்ந்தவர் அவர்தான். இரண்டில் ஒன்று என்றால் நான் ரெட்ரோவைத்தான் எடுப்பேன். ‘ப்ரோட்டோடைப் எடிஷன்’ என்று கை ஒரு நிறம், கால் ஒரு நிறமாக வேடரையும் போபா ஃபெட்டையும் வெளியிட்டார்களே, அது வெறும் வண்ணக் கூத்து என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் புது அச்சு சரியாக வார்க்கிறதா என்று பார்க்க, தொழிற்சாலையில் அப்போது எந்த நிற பிளாஸ்டிக் இருந்ததோ அதை ஊற்றிச் சோதிப்பார்கள். அப்படிப் பிறந்த பச்சை வேடர்களும் நீல ஸ்டார்ம்ட்ரூப்பர்களும் இன்று சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். அந்த வழக்கத்துக்குச் செய்த மரியாதை இது.

மறுபதிப்பு வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மறுபதிப்பு வேறு, போலி வேறு. முதல் 12 பொம்மைகளின் காலின் பின்புறம் ‘ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977’ என்று பொறித்திருக்கும். அன்று கென்னரை வைத்திருந்த ஜெனரல் மில்ஸ் குழுமத்தின் சுருக்கப் பெயர் அது. ரெட்ரோ பொம்மையில் இன்றைய பொறிப்புதான் இருக்கும். அது குறை அல்ல, வாங்குபவருக்குப் பாதுகாப்பு. இணையத்தில் ஒரு விற்பனையாளர் “1978, வீட்டில் கிடைத்தது” என்று அட்டையில்லாத வேடர் ஒன்றைப் போட்டிருந்தார். படங்கள் எல்லாம் முன்பக்கத்திலிருந்து. காலின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பதிலே வரவில்லை, விளம்பரமும் காணாமல் போனது. நீங்களும் கேளுங்கள். நேர்மையானவர் உடனே அனுப்புவார்.

படத்தில் வரும் குள்ள வேற்றுக்கிரகவாசியான ஜாவாவின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். முதலில் வந்த ஜாவாவுக்கு வினைல் கேப், அதாவது தோளில் போடும் மேலாடை, போட்டார்கள். குட்டிப் பொம்மைக்கு அது மலிவாகத் தெரிகிறது என்று துணி மேலங்கிக்கு மாறினார்கள். வினைல் ஜாவா அரிதானது. பென் கெனோபி என்ற இன்னொரு பாத்திரத்தின் பழைய பொம்மையிலிருந்து கேப்பை எடுத்து வெட்டி ஜாவாவுக்கு மாட்டி விற்கும் வேலை பல வருடங்களாக நடக்கிறது. நிறமும் வினைலின் இழையும் வேறுபடும் என்றாலும் படத்தில் மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். நேரில் பார்க்காமல், தெரிந்தவரிடம் காட்டாமல் இதில் காசு போடாதீர்கள்.

மேட்டலின் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ் ஆரிஜின்ஸ்’ பற்றியும் கேட்கிறார்கள். அது இதற்கு நேர்மாறான பாதை. 1982-இல் வந்த ஹீ-மேனின் அதே ஐந்தரை அங்குல உருவம், அதே அகன்ற நிலை, ஆனால் உள்ளே 16 மூட்டுகள். தலை, கை, கால் கழற்றி ஒருவருக்கொருவர் மாற்றலாம். மூலத்தில் இடுப்பைத் திருகி விட்டால் ஸ்பிரிங் வேகத்தில் திரும்பிக் குத்துவிடும். அது ஆரிஜின்ஸில் இல்லை. அந்தக் குத்துக்காகத்தான் எனக்கு ஹீ-மேன் பிடிக்கும் என்பதால் மனம் ஒட்டவில்லை. பழைய ஹீ-மேனின் கால்களை உள்ளே ரப்பர்தான் இழுத்துப் பிடித்திருக்கும், அது நாளடைவில் தளர்ந்து பொம்மை ஆடும்; அந்தக் கஷ்டம் புதியதில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு வாங்கிக் கொடுக்க ஆரிஜின்ஸ் அருமையான தேர்வு.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைப் பொம்மைகளை ஜன்னல் வெளிச்சத்தில் வைக்க வேண்டாம். பழைய ஸ்டார்ம்ட்ரூப்பர்கள் மஞ்சளானதைப் பார்த்திருப்பீர்கள், புதியவர்களுக்கும் வெயில் நல்லதல்ல. மென்மையான வினைல் கேப்பை வண்ணம் பூசிய பொம்மையோடு அழுத்தி, காற்றுப் புகாத டப்பாவில் வருடக்கணக்கில் அடைக்காதீர்கள். வினைலிலிருந்து கசியும் நெகிழ்வூட்டி பிசுபிசுப்பாகி வண்ணத்தைக் கெடுக்கும். சின்னத் துப்பாக்கிகளைத் தனியாக ஒரு பையில் போட்டு, எது யாருடையது என்று எழுதி வையுங்கள்.

முதலாவதாக ஒன்றே ஒன்று வாங்குவதானால் வேடரை வாங்குங்கள், பிரித்து வாளைத் தள்ளிப் பாருங்கள். இரண்டாவது டார்கின். அவர் தனி அட்டையில் இல்லாமல் விளையாட்டுப் பெட்டியோடுதான் வந்தார் என்பதால், அவரை மட்டும் பிரித்து விற்பவரிடம் வாங்காமல் பெட்டியோடு முழுதாகத் தேடுங்கள். பலகையும் பழைய கென்னர் வடிவம்தான், அதை விரித்து விளையாடவும் நன்றாக இருக்கிறது.